வண்டி எடுக்க உத்தரவு

தீயணைப்பு வண்டி நகராட்சி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த அன்று, அதை எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் நகராட்சித் தலைவரின் கார் நிற்கும் முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தலைவரின் கார் அன்றிலிருந்து வெயிலுக்குப் போயிற்று.

அதுவரை தலைநகரிலிருந்து நடந்துவந்த வேலைகளை ஊர்களின் கையிலேயே ஒப்படைப்பது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. ஆரம்பப் பள்ளிகள், சின்ன மருத்துவமனைகள், தெருவிளக்கு, தீயணைப்பு எல்லாமே இனி நகராட்சியின் பொறுப்பு. வேலைகள் வந்தன. அவற்றைச் செய்யும் ஆட்களில் பாதிப்பேர் வரவில்லை. ஆணையர் ஒரு காலைக் கூட்டத்தில் வந்தவற்றைப் பங்குபோட்டார். சாக்கடை பார்த்த பொறியாளருக்கு மருத்துவமனை. சுகாதார ஆய்வாளருக்குப் பள்ளிக்கூடம். தீயணைப்பை எடுத்துக்கொள்ள ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வரிப்பிரிவின் கண்காணிப்பாளர் அன்று பல்வலிக்காக மருத்துவரிடம் போயிருந்தாள். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தவளிடம், தீயணைப்பு அவள் தலையில் கட்டப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

ஏன் என்று கேட்டாள். தீப்பிடித்தால் எரிவது கட்டடம், கட்டடம் என்றால் வரிப்பிரிவு என்று ஆணையர் விளக்கினார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆணையருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை.

வண்டியோடு மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். ஆறு பேர் செய்ய வேண்டிய வேலை அது. மற்றவர்கள் தலைநகரிலேயே இருந்துகொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். வந்தவர்களில் மூத்தவரை எல்லாரும் சீஃப் என்றார்கள். இன்னொருவர் ஓட்டுநர். மூன்றாமவர் வாயே திறக்காத ஆள்.

முதல் வாரமே டீசல் யார் போடுவது என்ற கேள்வி எழுந்தது. அவள் பழைய துறைக்கு எழுதினாள். இது இனி உங்கள் அமைப்பே முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்று பதில் வந்தது. தலைவரிடம் போனாள். அவர் அச்சகம் நடத்துபவர், முதல்முறை ஜெயித்து வந்தவர். சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, நீங்களே ஏதாவது பண்ணுங்கம்மா, நான் நேத்துதான் வந்தேன் என்று கையை விரித்தார். குப்பை வண்டிக்கு ஒதுக்கிய டீசலில் கொஞ்சம் இந்த வண்டிக்குப் போயிற்று. அது சரியா தவறா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்தது தொலைபேசி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை மூடிவிட்டார்கள். தீ என்றால் மக்கள் கூப்பிடும் எண்ணை எந்த எண்ணோடு இணைப்பது என்று தொலைபேசி அலுவலகத்தில் கேட்டார்கள். நகராட்சியில் இருந்த ஒரே தொலைபேசி தபால் பிரிவின் மேசையில் இருந்தது. சாயங்காலம் ஆனால் அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள். ஒரு மாதிரி அவசரத்தில், இப்போதைக்கு என்று சொல்லி, அவள் தன் கைபேசி எண்ணையே கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் வீடுதான் கட்டுப்பாட்டு அறை. அவள் குளிக்கப் போனால் மாமியார் எடுப்பார். எங்கே, என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று சீஃப் சொல்லிக் கொடுத்திருந்தார். மாமியார் அத்தோடு விடவில்லை. அடுப்பை அணைக்காமல் எங்கே போனீர்கள் என்று நாலாவது கேள்வியும் கேட்டார். மரத்தில் ஏறிய பூனையை இறக்க வேண்டும் என்று கூப்பிட்ட ஒருவருக்கு, கீழே பால் வைத்துவிட்டு எல்லாரும் உள்ளே போங்கள், அது தானாக இறங்கும் என்றார். இறங்கியதாம். அவர்கள் திரும்பக் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள்.

மருந்துக்கடை வைத்திருந்த அவள் கணவர், "வீட்டுக்கு வரி போடுற ஆளுக்கு வீட்டை அணைக்கிற வேலையும் குடுத்துட்டாங்க. இனி பாக்கி என்ன, வீடு கட்டிக் குடுக்கறதுதான்" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

சின்னத் தீயெல்லாம் வந்தது. குப்பைமேடு, காய்ந்த புல், ஒரு மின்கம்பம். ஒவ்வொரு முறையும் சீஃப் அவள் எதிரே வந்து நின்று, வண்டி எடுக்க உத்தரவு கேட்டார். முதலில் அவர் கிண்டல் செய்கிறாரோ என்று நினைத்தாள். இல்லை. இத்தனை வருஷமும் வயர்லெஸ்ஸில் மேலிருந்து உத்தரவு எண் வந்தால்தான் அவர் வண்டியை நகர்த்தியிருக்கிறார். எண் இல்லாமல் போனால் திரும்பி வந்ததும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டாள். அது இப்போது தெரியவில்லை என்றார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் மெத்தைப் பட்டறை எரிந்தது.

அன்று தலைவர் ஊரில் இல்லை. புதிய பொறுப்புகளை ஏற்கும் உள்ளாட்சிகளுக்கான திறன் வளர்ப்புப் பயிற்சி என்று தலைநகருக்குப் போயிருந்தார். மதியம், வரி அதிகம் என்று முறையிட வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து அவள் விசாரித்துக்கொண்டிருந்தாள். கைபேசி அடித்தது. ஒரு பெண்ணின் குரல். மெத்தைப் பட்டறையில் பிடித்துக்கொண்டது, பஞ்சு மூட்டை எல்லாம் எரிகிறது, பக்கத்தில் வரிசையாக வீடுகள் என்றாள். எங்கே என்றதும், வாய்க்கால் பாலத்தைத் தாண்டி முதல் திருப்பம் என்றாள்.

வாய்க்கால்தான் ஊர் எல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு நகராட்சி. அவர்களுக்கும் ஒரு வண்டி கொடுத்திருந்தார்களே என்று கேட்டாள். "வண்டி நிக்குதும்மா. ஓட்ட ஆளில்ல. இருந்தவரு ரிட்டையர் ஆயிட்டாரு. உங்க ஊர்ல ஆள் இருக்காங்கன்னு சொன்னாங்க" என்றது குரல்.

அவள் மாடியிலிருந்து இறங்கி முகப்புக்கு ஓடினாள். சீஃப்பும் மற்ற இருவரும் ஏற்கெனவே தொப்பியும் காலணியும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கூரைகளுக்கு மேலே புகை அவர்கள் கண்ணுக்கும் பட்டிருந்தது. இடத்தைச் சொன்னாள். சீஃப்பின் கை நின்றது.

"மேடம், பாலத்தைத் தாண்டினா அது நம்ம எல்லை இல்ல. அங்க வண்டிக்கு ஏதாவது ஆனா நம்ம இன்ஷூரன்ஸ் வராது. எங்களுக்கு ஏதாவது ஆனா அது டியூட்டில ஆனதுன்னு எடுத்துக்க மாட்டாங்க. நான் மாட்டேன்னு சொல்லல. போகச் சொன்னா போறேன். யாராவது சொல்லணும்."

அவள் தலைவரைக் கூப்பிட்டாள். கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பழைய துறைக்குக் கூப்பிட்டாள். எடுத்த பெண், அது இப்போது உங்கள் அமைப்பின் கீழ் வருகிறது என்று மனப்பாடமாகச் சொன்னாள். பக்கத்து நகராட்சிக்குக் கூப்பிட்டாள். அங்கே தீயணைப்பு, சந்தை அதிகாரியின் தலையில் விழுந்திருந்தது. அவர் குரலில் அவளுடைய நிலைமையே கேட்டது. "வாங்க மேடம், சீக்கிரம் வாங்க. ஆனா நான் வரச் சொன்னேன்னு மட்டும் எங்கேயும் சொல்லிடாதீங்க" என்றார்.

வரி முறையீட்டுக்கு வந்தவர்கள் படியில் இறங்கி வந்து புகையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்கள். இத்தனை வருஷ வேலையில் எந்தக் கோப்பையும் அவள் முடித்துவைத்ததில்லை. குறிப்பு எழுதி மேலே அனுப்புவாள். மேலிருந்து ஒருவர் முடிவை எழுதுவார். இப்போது நிமிர்ந்து பார்த்தால் மேலே புகைதான் இருந்தது.

"எடுங்க" என்றாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. தான் கூடப் போகாவிட்டால் அந்த உத்தரவு செல்லாதோ என்று தோன்ற, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன் இருக்கையில் ஏறிவிட்டாள். சீஃப் நகர்ந்து இடம் கொடுத்தார்.

பட்டறையின் தகரக் கூரை நடுவில் மடிந்து விழுந்திருந்தது. எரியும் ரப்பர் பஞ்சின் புகை தொண்டையைப் பிடித்தது. வேலையாட்கள் எல்லாரும் தெருவில் நின்றார்கள். உள்ளே யாருமில்லை என்று பட்டறைக்காரர் திரும்பத் திரும்ப எண்ணிப்பார்த்துச் சொன்னார். சீஃப் எரியும் பட்டறையைக் கைவிட்டு, பக்கத்து வீடுகளின் சுவரில் தண்ணீர் அடித்தார். தொட்டித் தண்ணீர் கண்முன்னே குறைந்தது. தெருக்குழாயில் ஹோஸை மாட்டப் பார்த்தார்கள். ஹோஸின் வாய் அதற்குப் பொருந்தவில்லை.

அப்போதுதான் அந்தச் சந்தை அதிகாரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தன் நகராட்சியின் வண்டியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஓட்டத்தான் ஆளில்லை என்று யாரிடமோ புலம்பினார். ஓட்டுநர் அதைக் கேட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அவள் சீஃப்பைப் பார்த்தாள். சீஃப் திரும்ப அவளைப் பார்த்தார். வேறு ஊர் வண்டியை நம் ஊர் ஓட்டுநர் எடுக்கலாமா என்று கேட்க யாருமே இல்லை. "போங்க" என்றாள் அவள். சந்தை அதிகாரியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போன ஓட்டுநர், சற்று நேரத்தில் அந்த வண்டியோடு வந்து சேர்ந்தார். அந்தத் தண்ணீரில்தான் வீடுகள் பிழைத்தன. பட்டறை போய்விட்டது.

எல்லாம் அடங்கியபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்துப் பார்த்தாள். ஒரே எண்ணிலிருந்து நாலைந்து தவறிய அழைப்புகள். பம்பின் இரைச்சலில் எதுவுமே கேட்டிருக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டாள்.

"பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல சைக்கிள் கடை. இனிமே வர வேண்டாம்மா. எரிஞ்சு முடிஞ்சிருச்சு" என்றார் எடுத்தவர்.

அது அவர்கள் ஊர்தான். எல்லைக்கு இந்தப் பக்கம்.

மரப்பலகையும் தகரமும் சேர்த்து அடித்த ஒற்றைக் கடை அது. பக்கத்துக் கடைக்காரர்கள் வாளியில் தண்ணீர் ஊற்றிப் பரவாமல் பார்த்துக்கொண்டார்கள். சைக்கிள் கடைக்காரர் பழுதுபார்க்க வந்திருந்த அடுத்தவர் சைக்கிள்களை முதலில் இழுத்துப் போட்டிருக்கிறார். தன்னுடைய சாமான்களை எடுக்கத் திரும்பியபோது கூரை விழுந்துவிட்டது. இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயின.

அவர் ஒருநாள் கையில் கட்டோடு அவளைப் பார்க்க வந்தார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு கணவரிடம் சொன்னாள். கடைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தான் கூப்பிட்டபோது வண்டி எங்கே இருந்தது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். அவள் மறைக்காமல் சொன்னாள்.

"அங்க ஆள் யாராவது உள்ள மாட்டிக்கிட்டாங்களா?"

"இல்ல. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க."

"அப்போ மெத்தைதான்."

பக்கத்தில் வரிசையாக வீடுகள் இருந்தன என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தக் கட்டுப் போட்ட கைகளுக்கு முன்னால் அது சாக்குப்போக்கு மாதிரி இருக்குமோ என்று மென்று முழுங்கிவிட்டாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

நகராட்சிக் கூட்டத்தில் அவளை நிற்கவைத்துக் கேட்டார்கள். நம் வரிப்பணத்தில் ஓடும் வண்டியை அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டு நம் ஊரை எரியவிட்டாள், விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். ஒரு தெருவையே காப்பாற்றியவளுக்குப் பாராட்டுத் தீர்மானம் போட வேண்டும் என்று இன்னொருவர் எழுந்தார். போகலாம் என்று எந்த விதி சொல்கிறது என்று முதலாமவர் கேட்க, போகக்கூடாது என்று எந்த விதி சொல்கிறது என்று மற்றவர் கேட்டார். சட்டப் புத்தகத்தைக் கொண்டுவரச் செய்து தேடினார்கள். இரண்டு விதியுமே இல்லை. இருவரின் பேச்சும் அவளுக்குச் சரியாகவே பட்டது. அதுதான் கஷ்டம்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "பயிற்சில ஒரே ஒரு வரிதான் எழுதிட்டு வந்தேன். விதி வரும்னு காத்திருக்காதீங்க, இனிமே நீங்கதான் எழுதணும்னு சொன்னாங்க. அப்போ எனக்கு அது தலையும் புரியல, வாலும் புரியல. இப்போ இதைத்தான் சொல்லியிருப்பாங்களோன்னு தோணுது. நீங்களே எழுதிட்டு வாங்கம்மா."

விளக்கம் கேட்கும் கடிதமும் வரவில்லை, பாராட்டும் வரவில்லை. விதி எழுதும் வேலைதான் வந்தது.

அவள் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். எல்லைக்குள் மட்டும் என்று எழுதினால், கூப்பிட்ட அந்தப் பெண்ணின் குரல் காதில் விழுந்தது. எங்கே கூப்பிட்டாலும் போகலாம் என்று எழுதினால் வெந்த உள்ளங்கைகள் நினைவுக்கு வந்தன. கணவரைக் கேட்டாள். மருந்துக்கடையில் யார் முதலில் வந்தாரோ அவருக்குத்தான் முதலில் மருந்து என்றார் அவர். மாமியார், யாருக்கு அதிகம் வலிக்கிறதோ அவருக்குத்தான் முதலில் என்றார். இருவரும் அதைப் பற்றிச் சாப்பிட்டு முடியும்வரை சண்டை போட்டார்கள்.

கடைசியில் சந்தை அதிகாரியைப் போய்ப் பார்த்தாள். மெலிந்த, எப்போதும் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருக்கும் மனிதர் அவர். இருவரும் அவருடைய சந்தை அலுவலகத்தில் உட்கார்ந்து, தெரியாதது எதுவெல்லாம் என்று முதலில் பேசினார்கள். அது நீளமாகப் போயிற்று. ஆனால் இருவருக்கும் ஒரே சந்தேகங்கள்தான் என்று தெரிந்தபோது கொஞ்சம் தெம்பு வந்தது. இரண்டு ஊருக்கும் சேர்த்து இன்னொரு ஓட்டுநரையும் இரண்டு வீரர்களையும் எடுப்பது, ஒரு வண்டி கிளம்பினால் மற்றது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்து நிற்பது, தொலைபேசிக்கு ஓர் அறை, அதில் முறைவைத்து ஆள், இரண்டு ஊர்த் தெருக்குழாய்க்கும் சேர்கிற மாதிரி ஹோஸுக்கு வாய் என்று முடிவுசெய்தார்கள். பாலம் இனி எல்லை இல்லை என்பது கடைசி வரி. இரண்டு நகராட்சிகளும் சண்டை போட்டு, திருத்தி, ஏற்றுக்கொண்டன. மாமியாருக்கு மட்டும் கைபேசி ஓய்ந்துபோனதில் மனக்குறை. அறையில் உட்காரும் ஆட்களுக்கு நாலாவது கேள்வியையும் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்.

விதியின் நகலை சீஃப்பிடம் கொடுத்தபோது அவர் நின்றுகொண்டே முழுதும் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார்.

"இதுல உத்தரவு யார்கிட்ட கேக்கணும்னு போடலையே மேடம்."

"யார்கிட்டயும் கேக்க வேண்டாம். மணி அடிச்சா நீங்களே கிளம்பலாம். எந்தப் பக்கம் முதல்ல போறதுன்னும் நீங்களே முடிவு பண்ணிக்கலாம்."

அவர் முகம் மாறிவிட்டது. சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தாள். தப்பாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டார். நான் கூட நிற்பேன் என்றாள் அவள். அவருக்கு அது போதவில்லை. "அதையும் எழுதிக் குடுத்துடுங்க" என்றார். அவள் எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் நாலாக மடித்து வைத்துக்கொண்டு அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். வெகுநேரம் நடந்தார்.

சைக்கிள் கடைக்காரருக்கு நகராட்சி வணிக வளாகத்தில் ஓர் இடம் தருவதாகச் சொன்னார்கள். மாடியில் சைக்கிளை யார் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று கேட்டு, அவர் வேண்டாம் என்றுவிட்டார். பழைய மூலையிலேயே, நகராட்சி கொடுத்த தகரத்தை வைத்து மறுபடி கடை போட்டார். அவள் அலுவலகம் போகும் வழி அது. சில நாள் நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொல்வார். சில நாள் கவனிக்காதவர் மாதிரி சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருப்பார். எந்த நாள் எப்படி என்று அவளால் ஊகிக்க முடியவில்லை. வேறு தெரு வழியாகப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். போகவில்லை.

ஒரு நாள் காலையில் அவள் அந்த வழியே போகும்போது அவரே கூப்பிட்டு நிறுத்தினார். கையில் தோல் புதிதாக, வெளிறி வளர்ந்திருந்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டார்.

"புதுசா ஏதோ ஏற்பாடு பண்ணியிருக்கீங்களாமே. இப்போ ரெண்டு எடத்துல ஒரே நேரத்துல எரிஞ்சா?"

"ரெண்டு வண்டி இருக்கு. ஆளும் இருக்காங்க."

"மூணு எடத்துல எரிஞ்சா?"

சந்தை அதிகாரியோடு பேசியபோது இந்தக் கேள்வி இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை.

"தெரியலங்க" என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, இல்லை வேறு ஏதாவதா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. டியூபை அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையால் ஒரு முக்காலியை இழுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உக்காருங்க."

அலுவலகத்தில் யாரும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவள் உட்கார்ந்தாள்.